மகள் கறுப்பின சொராரிட்டி ஒன்றில் சேர நினைக்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கும்பகோணத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். பதினேழு வருடமாக மேரிலாண்டில் இருக்கிறோம். பெரியவள் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் லீவுக்கு வந்திருந்தாள். ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். சொல்லாமலே துடைக்க வந்தால் மனதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். "அம்மா, நான் ஒரு சொராரிட்டிக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். கோபப்படாம கேளு" என்றாள்.

சொராரிட்டி, அதாவது கல்லூரிப் பெண்கள் சேருகிற சங்கம், என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். தூண் வைத்த பெரிய வீடு, சனிக்கிழமை ராத்திரி பீர், கூச்சல். "அது இல்லம்மா, இது டிவைன் நைன்" என்றாள். கறுப்பின மாணவர்கள் தங்களுக்காகத் தொடங்கிய ஒன்பது அமைப்புகளாம். ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு நான்கு. இவளுடைய ரூம்மேட் கறுப்பினப் பெண். அந்தப் பெண்ணின் அம்மா, பாட்டி இரண்டு பேருமே அதில் உறுப்பினர்கள். போன தாங்க்ஸ்கிவிங்குக்கு இவள் அந்தப் பாட்டி வீட்டுக்குத்தான் போயிருந்தாள். கமலா ஹாரிஸ் இப்படி ஒன்றில் இருக்கிறார் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

அன்றைக்கு ராத்திரி நானும் என் கணவரும் தூங்கவில்லை. அவர் போனில் தேடித் தேடிப் படித்தார். கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் எழுத்துச் சூடு போட்டுக்கொள்கிறார்கள் என்று ஒரு படம் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களை அடிப்பார்கள் என்று ஒரு செய்தி. சர்ச்சில் ஒரு பெண் அழுதுகொண்டே, "இது கிரேக்க தெய்வத்துக்குச் செய்த சத்தியம், நான் விலகுகிறேன்" என்று சொல்லும் வீடியோ. இதெல்லாம் எவ்வளவு உண்மை?

இதைவிட எனக்குப் பெரிதாக உறுத்துவது வேறு. அது அவர்கள் பட்ட கஷ்டத்தில் அவர்கள் கட்டிக்கொண்ட வீடு. நம் பெண் அங்கே போய் உரிமையோடு நிற்பது சரியா? அவர்கள் மனதுக்குள் என்ன நினைப்பார்கள்?

[அமைப்பின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் இப்போது எடுத்துவிட்டேன். காரணம் கீழே அக்காவின் பதிலில் இருக்கிறது.]

கோவில்பட்டி அட்லாண்டா:

தங்கச்சி, முதல் வேலையாகப் பதிவில் இருக்கிற இரண்டு பெயர்களையும் எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம். சேர ஆசைப்படுகிற பிள்ளை அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்பது இந்த அமைப்புகளில் எழுதாத சட்டம். 'டிஸ்கிரீஷன்' என்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதைத் தட்டு மாற்றும்வரை நாம் தெருவில் சொல்ல மாட்டோம் அல்லவா, அது போல. அம்மா ஒரு இடத்தில் எழுதினார் என்று தெரிந்தால்கூட "இவளுக்கு வாய் காக்கத் தெரியாது" என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மகள் உங்களிடம் சொன்னதே உங்கள்மேல் வைத்த நம்பிக்கை.

இனி என்னைப் பற்றி. 1999இல் நர்ஸ் வேலைக்கு அட்லாண்டா வந்தேன். 2001இல் கல்யாணம். என் கணவர் அலபாமாவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். மாமியார் 1962இல் டெல்டா சிக்மா தீட்டா என்கிற சொராரிட்டியில் சேர்ந்தவர். கொழுந்தனார் ஒமேகா சை ஃபை என்கிற ஆண்கள் அமைப்பில் இருக்கிறார். என் கணவர் எதிலும் சேரவில்லை, நானும் இல்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் பார்த்திருக்கிறேன். சடங்கு ரகசியம். மாமியார் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ரகசியம் இல்லாததைச் சொல்கிறேன், அதுவே நிறைய இருக்கிறது.

நீங்கள் சினிமாவில் பார்த்தது வெள்ளையர்களின் கல்லூரி சொராரிட்டி. பெரும்பாலும் அது நான்கு வருடத்துப் பழக்கம். பட்டம் வாங்கியதும் போட்டோ ஆல்பத்துக்குப் போய்விடும். இங்கே அப்படி இல்லை. படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் சாப்டர் என்று பட்டம் வாங்கியவர்களுக்கான கிளை ஊருக்கு ஊர் இருக்கும், அதில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். படிக்கும்போது சேராமல் நாற்பது வயதில் சேருகிறவர்களும் உண்டு. வருடா வருடம் சந்தா, மாதக் கூட்டம், கமிட்டி வேலை, எல்லாம் சாகும்வரை. என் மாமியார் எழுபத்தெட்டு வயதில், 2020 தேர்தல் சமயம், முட்டி வலிக்கு என்னிடம் தைலம் தேய்த்துக்கொண்டு, காரின் பின்பக்கம் தண்ணீர் பாட்டில் பெட்டிகளை ஏற்றச் சொல்லி, ஓட்டுப் போட வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கப் போனார். மறு வருடம் ஜார்ஜியாவில் சட்டம் போட்டார்கள், வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று. அவர் அளக்கிற டேப்பை எடுத்துவரச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓட்டு என்பது அவருக்கு வெறும் அரசியல் இல்லை, வம்ச வழக்கு. டெல்டாவை 1913 ஜனவரி 13இல் வாஷிங்டனில், கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கிற ஹாவர்ட் பல்கலைக்கழகத்து மாணவிகள் 22 பேர் தொடங்கினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3ஆம் தேதி, உட்ரோ வில்சன் ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்கு முந்தின நாள், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வாஷிங்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது. அதில் நடப்பதுதான் அமைப்பின் முதல் பொதுக் காரியம். ஊர்வலத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெண்களில் பலர் கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்றார்கள். இவர்கள் போனார்கள். எல்லாம் இருபது வயது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அந்த 22 பேரும் சேர்ந்து இருக்கிற படம் எங்கள் வீட்டுக் கூடத்தில், மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

கமலா ஹாரிஸ் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்கிற சொராரிட்டியில், 1986இல், ஹாவர்டில். அம்மா சென்னையில் பிறந்தவர், அப்பா ஜமைக்காக்காரர். 2021இல் துணை ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது போட்டிருந்த முத்துமாலையைப் பற்றி நம் பத்திரிகைகள் நகையைப் பற்றி எழுதுவது போல எழுதின. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களையும் 1913இல் சட்டப்படி பதிவு செய்தவர்களையும் சேர்த்து 20 பேர். அவர்களை '20 முத்துகள்' என்பார்கள். முத்து அந்தக் கணக்கு. 1908இல் தொடங்கியது, கறுப்பினக் கல்லூரிப் பெண்களுக்கான முதல் கிரேக்க எழுத்து அமைப்பு அதுதான்.

அந்த அமைப்பு செய்ததில் எனக்கு, நர்ஸ் என்பதால், மனதில் ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. 1935இலிருந்து பல கோடைக்காலங்கள் மிசிசிப்பிக்கு மருத்துவ முகாம் போனார்கள். டாக்டர் டோரதி ஃபெரபி தலைமை. பருத்தித் தோட்ட முதலாளிகள் தங்கள் குத்தகைக்காரர்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். உடனே இந்தப் பெண்கள் தங்கள் சொந்தக் கார்களையே ஆஸ்பத்திரியாக மாற்றித் தோட்டத்துக்குள்ளேயே போய், பிள்ளைகளுக்கு அம்மை, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள். கறுப்பினப் பெண்கள் தாங்களாகக் கார் ஓட்டிக்கொண்டு 1935இல் மிசிசிப்பிக்குள் போவது எப்படிப்பட்ட காரியம் என்று என் மாமியாரிடம் கேட்டேன். "ராத்திரி எங்கே தங்குவது, எந்த பெட்ரோல் பங்கில் கழிவறைக்கு விடுவான் என்று வீட்டை விட்டுக் கிளம்புமுன் தெரிந்திருக்க வேண்டும்" என்றார்.

சூடு போடுவது பற்றி. உண்மைதான், ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி இல்லை. பெரும்பாலும் ஆண்கள், அதிலும் ஒமேகாக்கள். கொழுந்தனாரின் இடது கையில் ஒமேகா எழுத்து தழும்பாக இருக்கிறது. எந்த அமைப்பும் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை, அமைப்பின் விதியிலும் அது கிடையாது. அவர் சேர்ந்து மூன்று வருடம் கழித்துத் தானாகப் போட்டுக்கொண்டார். அவரோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேருக்குத் தழும்பு இல்லை, அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அடிமைகளுக்கு முதலாளி சூடு வைத்த நாட்டில் நீங்களே ஏன் வைத்துக்கொள்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அதை வேறொருவன் என் தாத்தாவின் தாத்தாவுக்கு வைத்தான். இதை நான் வைத்துக்கொண்டேன்" என்றார். என் கணவருக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. அண்ணன் தம்பிக்குள் இன்றுவரை அது தீராத பேச்சு.

கிரேக்க தெய்வம் என்கிற பேச்சுக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்தில் பெயர் வைப்பது 1776இல் ஃபை பீட்டா கப்பாவிலிருந்து வரும் வழக்கம். அது படித்தவர்களின் அடையாளம், கும்பிடுவதற்கு இல்லை. ஒமேகாவைத் தொடங்கிய மூன்று மாணவர்களில் ஒருவரான எட்கர் லவ் பிற்பாடு மெதடிஸ்ட் பிஷப் ஆனார். மார்ட்டின் லூதர் கிங் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்கிற ஆண்கள் அமைப்பின் உறுப்பினர், பாஸ்டனில் படிக்கும்போது 1952இல் சேர்ந்தவர். என் மாமியார் ஐம்பது வருடம் பாப்டிஸ்ட் சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தார். அந்த வீடியோவில் அழுத பெண்ணின் மனசாட்சியை நான் குறை சொல்லவில்லை. விலகுவது அவர் உரிமை. ஆனால் அதை வைத்து இத்தனை லட்சம் பேரின் பக்தியைச் சந்தேகிக்க முடியாது.

கடைசியாக, உங்களை உறுத்துகிற கேள்வி. கறுப்பினத்தவர் மட்டும்தான் சேரலாம் என்று விதி கிடையாது. மற்ற இனத்தவர்கள் எத்தனையோ வருடமாகச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். என் கணவரின் அக்கா மகள் 2019இல் டெல்டாவில் சேர்ந்தபோது அவளோடு ஒரு பிலிப்பினோ வம்சாவளிப் பெண்ணும் சேர்ந்தாள். என் மாமியார் அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கள் வேலையைச் செய்ய வந்தாயா, எங்கள் எழுத்தைப் போட்டுக்கொள்ள வந்தாயா?" அந்தப் பெண் இரண்டு வருடமாக உள்ளூர்ப் பள்ளியில் வாசிப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், அதைச் சொன்னாள். மாமியார் அவள் தட்டில் இன்னொரு கரண்டி மக்ரோனி வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

உங்கள் மகளிடம் நீங்களும் அதைக் கேளுங்கள். அறுபது வயதில் சனிக்கிழமை காலை கூட்டத்துக்கு எழுந்து போவாயா என்றும் கேளுங்கள்.

மாமியார் 2022இல் தவறினார். அடக்கத்துக்கு முந்தின நாள் மாலை அவர் சாப்டர் பெண்கள் நாற்பது, ஐம்பது பேர் வந்தார்கள். ஒமேகா ஒமேகா என்று அவர்களுக்கென்று ஒரு இறுதி வழிபாடு இருக்கிறது. பெட்டியைச் சுற்றி வட்டமாக நின்று பாடினார்கள். இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி, எண்பத்தாறு வயது மூதாட்டி ஒருவர், கையைக் கோத்துக்கொண்டு. வீட்டுக்கு ஒரு மாதம் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. யார் எந்தக் கிழமை என்று அவர்களுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த சொராரிட்டி அதுதான்.

ஷார்லட் பாபு:

அக்கா சொன்னதற்கு மேல் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேம்பஸில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் மகளைப் பார்க்கப் போகும்போது உதவும்.

2014இல் எம்.எஸ். படிக்க வந்த புதிது. நூலகத்துக்கு எதிரே மரத்தடியில் கறுப்பும் தங்க நிறமும் பூசிய சிமெண்ட் பெஞ்ச் ஒன்று. நடுவில் எழுத்துகள், பெயர்கள், 1906 என்று வருடம். டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவர் வந்தார். சத்தம் போடவில்லை. "நண்பா, சாப்பிட்டு முடி. ஆனால் இது எங்கள் பிளாட், தெரிந்துகொள்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தே விளக்கினார். இந்த அமைப்புகளில் பலவற்றுக்குக் கேம்பஸில் சொந்த வீடு கிடையாது. வெள்ளையர் அமைப்புகளுக்குப் பரம்பரையாகக் கட்டடங்கள் இருந்தன, இவர்களுக்கு நிலமும் இல்லை, கடன் கொடுக்க ஆளும் இல்லை. ஒரு மரம், ஒரு பெஞ்ச், ஒரு கல், அதுதான் வீடு. அந்தப் பெஞ்சில் இருந்த ஏழு பெயர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கியவர்களுடையவை. 'ஏழு மணிகள்' என்பார்கள். எனக்குக் கோயில் படியில் செருப்போடு ஏறிவிட்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வண்ணம் பூசிய எந்த பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை.

அவர் சொன்ன கதை. 1904–05 கல்வியாண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆறு கறுப்பின மாணவர்கள் இருந்தார்கள். மறு வருடம் அந்த ஆறு பேரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. தங்க இடம் இல்லை, சேர்ந்து படிக்க ஆள் இல்லை, ஊருக்குள் தனிமை. அடுத்து வந்தவர்கள், நாமும் அப்படிக் காணாமல் போய்விடக் கூடாது என்று சேர்ந்து படிக்கிற குழுவாகத்தான் ஆரம்பித்தார்கள். அது 1906 டிசம்பர் 4இல் ஃபிராட்டர்னிட்டி, அதாவது ஆண்களின் சங்கம், ஆனது. இந்தியானாவில் 1911இல் கப்பா ஆல்ஃபா சை தொடங்கியதும் இதே நிலைமையில்தான். இண்டியானாபொலிஸில் 1922இல் ஏழு பள்ளி ஆசிரியைகள் சிக்மா காமா ரோவைத் தொடங்கியபோது, கூ க்ளக்ஸ் க்ளான் என்கிற வெள்ளை இனவெறிக் கும்பல் அந்த மாநிலத்தையே பிடித்துக்கொண்டிருந்த காலம். டான்ஸ் ஆடுகிற கிளப் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும், அதனால் சொல்கிறேன்.

டான்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டெப்பிங் என்பது காலும் கையும்தான் மேளம். தரையை மிதித்து, தொடையைத் தட்டி, கைதட்டி, நடுநடுவே குரல் கொடுத்து, பத்துப் பேர் ஒரே உடம்பு மாதிரி ஆடுவார்கள். ஸ்ட்ரோலிங் வேறு. பார்ட்டியில் பாட்டு போட்டதும் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக ஆடிக்கொண்டே சுற்றி வருவார்கள். அந்த வரிசைக்கு நடுவே புகுந்து கடந்து போகக் கூடாது, கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. கையால் காட்டுகிற அடையாளம், கூப்பிடுகிற குரல், இவையும் உறுப்பினர்களுக்கு மட்டும். கப்பாக்களின் கைத்தடி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் பிள்ளைகள் குச்சியை வைத்துச் சுற்றினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். பெரியவர்கள் மேடையில் அதைக் காப்பியடித்தால் கோபப்படுவார்கள், நியாயமும்கூட.

வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் நினைவுச் சின்னம் 2011இல் திறந்தார்களே, அதை முன்மொழிந்து, சட்ட அனுமதிக்கு அலைந்து, நிதி திரட்ட வழி செய்தது ஆல்ஃபாக்கள். 1984இல் எழுந்த யோசனை. மேரிலாண்டில்தானே இருக்கிறீர்கள், ஒரு நடை மகளோடு போய்வாருங்கள்.

பழனிவேல் மாணவர் நலம்:

வணக்கம் அம்மா. நான் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நல அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மேலே இருவரும் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உங்கள் கணவர் தூங்காததற்கும் காரணம் இருக்கிறது. அதை மூடி வைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முன்னெல்லாம் சேருவதற்கு வாரக்கணக்கில் 'பிளெட்ஜ்' இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே உடை, ஒரே வரிசை, உயரத்தின்படி நிற்பது, வரலாறு மனப்பாடம். அதனால்தான் ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்கு 'லைன்' என்று பெயர், ஆளுக்கு ஒரு எண். அந்த வரிசைக்குள் அடியும் உதையும் புகுந்துவிட்டது. 1989இல் அட்லாண்டாவில் ஒரு மாணவர் இறந்தார். மறு வருடமே இந்த அமைப்புகளின் கூட்டுக் குழு பிளெட்ஜிங்கை ஒழித்தது. இப்போது விண்ணப்பம், நேர்காணல், சில வாரப் பயிற்சி, சேர்க்கைச் சடங்கு, அவ்வளவுதான் அதிகாரபூர்வமான வழி. ஹேசிங், அதாவது புதிதாகச் சேருகிறவர்களை வதைப்பது, எல்லா அமைப்பிலும் தடை. பல மாநிலங்களில் குற்றமும்கூட.

பிறகும் ஏன் நடக்கிறது? ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்: 'பேப்பர்'. அதிகாரபூர்வ வழியில் மட்டும் வந்தவளைப் பழைய ஆட்கள் சிலர் "காகிதத்தில் வந்தவள்" என்று ஒதுக்குவார்கள். படாமல் வந்தவளுக்கு மதிப்பு இல்லை என்கிற எண்ணம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் நல்ல பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு அபார்ட்மெண்டுக்குப் போகிறார்கள். தலைமையகத்துக்கே தெரியாமல் நடக்கிற வேலை இது. கறுப்பின அமைப்புகளில் மட்டும் நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளையர் அமைப்புகளில் குடிக்க வைத்தே சாகடித்திருக்கிறார்கள், மார்ச்சிங் பேண்டில் நடந்திருக்கிறது, விளையாட்டு அணிகளில் நடந்திருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எந்தச் சாப்டர் தண்டனையில் இருக்கிறது என்று பாருங்கள். 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டப்படி கல்லூரிகள் ஹேசிங் விவரத்தை வெளிப்படையாகப் போட்டாக வேண்டும். மகள் சேரும் சமயத்தில் கிராஜுவேட் சாப்டரிலிருந்து ஆலோசகர் ஒருவர் கட்டாயம் கூட இருப்பார். அவர் பெயர் மகளுக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். பணம் நிறையவே ஆகும், முதல் வருடம் ஆயிரம் டாலர் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஆனால் அது அமைப்பின் கணக்குக்குப் போக வேண்டும். ஏதோ ஒரு மாணவியின் வென்மோவுக்கு (போனில் பணம் அனுப்புகிற ஆப்) போடச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். தூக்கம் கெட்டு, போனை எடுக்காமல், மெலிந்து, பழைய சிநேகிதிகளோடு பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்றால், காரில் ஏறிப் போய்ப் பாருங்கள். "நீ காகிதத்தில் வந்தால் போதும், எனக்கு நீ முழுசாக வேண்டும்" என்று இப்போதே ஒரு முறை சொல்லி வையுங்கள். சொல்லாத வீட்டுப் பிள்ளைகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழும்போது, "அம்மாவிடம் சொல்ல முடியாது சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

கும்பகோணத்துக்காரி:

அக்காவுக்கும் தம்பிகளுக்கும் நன்றி. பெயர்களை எடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மகளோடு பேசிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அக்கா கேட்கச் சொன்ன இரண்டு கேள்வியையும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தாங்க்ஸ்கிவிங் அன்று அந்தப் பாட்டி வீட்டில் நடந்ததைச் சொன்னாள். பாட்டியோடு 1971இல் ஒன்றாகச் சேர்ந்த நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்களாம். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, லைன் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம், எழுபது வயதுக்கு மேல். மூன்றாம் எண்ணுக்கு இடுப்பில் ஆபரேஷன். ஒன்றும் ஐந்தும் மாற்றி மாற்றி அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறார்கள். சாப்பாடு முடிந்து ஐந்து பேரும் சமையலறையில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே, எந்தப் பள்ளிக்கு ஸ்காலர்ஷிப் பணம் இந்த வருடம் போக வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். இவள் துடைத்து அடுக்கினாளாம். "எனக்கு எழுபது வயசுல அந்த மாதிரி ஒரு கிச்சன் வேணும்மா" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம், ஒன்றரை வருடமாக. எனக்கு இப்போதுதான் தெரியும்.

பழனிவேல் தம்பி சொல்லச் சொன்னதை என் கணவர் சொன்னார். அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அவள், "தெரியும்ப்பா, அட்வைசர் நம்பர் தர்றேன், நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். கிடைக்குமா என்பது கடவுள் கையில். கிடைத்தால் புரோபேட் என்று, புதிதாகச் சேர்ந்தவர்களை எல்லோர் முன்னாலும் அறிமுகப்படுத்துகிற நிகழ்ச்சி ஒன்று நடக்குமாம், பெற்றோர் வரலாமாம். நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அந்த அமைப்பின் நிறத்திலேயே பட்டுப்புடவை ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்டிக்கொண்டு போகலாமா?

கோவில்பட்டி அட்லாண்டா:

படித்துவிட்டு மருத்துவமனைப் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன் தங்கச்சி.

புடவை கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அந்த நிறத்தில் வேண்டாம். சாதாரண நாளில் ஒரு நிறத்தை யாரும் யாருக்கும் தடுக்க முடியாது. அன்றைக்கு மட்டும் அந்த இரண்டு நிறமும் சேர்ந்து வருவது அவர்களுடையது. வேறு எந்த அமைப்பின் நிறமும் அன்று வேண்டாம். சிவப்பும் கிரீமும், இளஞ்சிவப்பும் பச்சையும், நீலமும் வெள்ளையும், நீலமும் தங்கமும், இந்த ஜோடிகளைத் தவிர்த்துவிடுங்கள். மாம்பழ மஞ்சள் இருந்தால் நன்றாக இருக்கும், கூட்டத்தில் மகள் கண்ணுக்கும் தெரியும்.

ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், இடம் கிடைக்காது. பிள்ளைகள் முகத்தை மூடிக்கொண்டு, ஒட்டி ஒட்டி, ஒரே வரிசையாக நடந்து வருவார்கள். எது உங்கள் பெண் என்று நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். தொடங்கியவர்களின் பெயர்களையும் வரலாற்றையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள், பிறகு ஸ்டெப். கடைசியில்தான் ஒவ்வொருத்தியாக முகமூடியை எடுத்து, பெயர், ஊர், லைன் எண், லைன் பெயர் சொல்வார்கள். அப்போது கத்தலாம், எவ்வளவு வேண்டுமானாலும்.

2019இல் எங்கள் பெண்ணின் முகமூடி கழன்றபோது, என் மாமியார் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஊ-ஊப்" என்று ஒரு குரல் கொடுத்தார். டெல்டாக்களின் அழைப்பு அது. கூட்டத்தில் எங்கெங்கோ நின்ற கிழவிகளெல்லாம் பதில் குரல் கொடுத்தார்கள். நீங்கள் அந்தக் குரலைக் கொடுக்கக் கூடாது. ஆனால் உங்களைச் சுற்றி நிற்கிறவர்கள் கொடுப்பார்கள், உங்கள் மகளுக்காக.

பூச்செண்டு வாங்கிக்கொண்டு போங்கள். அந்த ரூம்மேட்டின் பாட்டி வந்திருப்பார், அவருக்கும் ஒன்று.